பிடியரிசியிலிருந்து சட்டம் வரை

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே வேலைநாள் ஆரம்பமாகிவிடுகிறது. ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் ஜீப்புகளில் நெருங்கி உட்கார்ந்து, போடிமெட்டுப் பாதையின் வளைவுகளைக் கடந்து, எல்லைக்கு அப்பால் கேரள ராஜ்யத்தைச் சேர்ந்த மலைச்சாரல்களுக்குப் போய்ச் சேருகிறார்கள். பகல் முழுவதும் குனிந்து காய் எடுத்துவிட்டு மாலையில் ஊர் திரும்புகிறார்கள். ஏலக்காய் வியாபாரத்தில் போடிக்குள்ள ஸ்தானம் யாவரும் அறிந்தது. அந்த வியாபாரம் அனைத்தும் இப்பெண்களின் உழைப்பின் மேல் நிற்கிறது. ஆனால் காலை வேளையில் அடுப்பு மூட்டிச் சமைத்து, குழந்தையை எழுப்பி உண்பித்துப் பள்ளிக்கு அனுப்புவதற்கு அவர்களுக்கு அவகாசம் கிடையாது.

அந்தக் குழந்தைக்கு உணவளிக்கும் பொறுப்பு யாருடையது? எதை உண்டால் தேகம் வளரும் என்று கற்பிக்கும் பொறுப்பு யாருடையது? ஓடியாடி விளையாட இடமும் நேரமும் கொடுக்கும் பொறுப்பு யாருடையது? இம்மூன்று கேள்விகளையும் குடும்பத்தின் சொந்த விஷயமென்று விட்டுவிடாமல், ராஜ்யத்தின் கடமையாகக் கருதிச் சட்டம் செய்யும் வழக்கம் பல தேசங்களில் ஏற்பட்டிருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2004-ம் வருஷத்தில் செய்யப்பட்ட சட்டமொன்று, பள்ளி உணவுக்காக மத்திய சர்க்காரின் உதவி பெறும் ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் போஷணைக் கல்விக்கும் தேகப்பயிற்சிக்கும் குறிக்கோள்களை வகுத்துக்கொள்ள வேண்டுமென்று விதித்தது. நமது நாட்டிலும் இவ்விஷயத்தில் சட்டங்கள் உண்டு. அவை போதுமா, அவற்றின்படி காரியம் நடக்கிறதா என்பதே கேள்வி. இதை ஆராயப் புகும் தமிழன் தனது யோசனையைத் தொடங்குவதற்குத் தகுந்த இடம் ஒன்றிருக்கிறது. அது காமராஜரின் வாழ்க்கை. அவரைப் புகழ்ந்து எழுதியவை ஏராளம். அவற்றோடு மற்றொன்றைச் சேர்ப்பது நமது நோக்கமன்று. பசித்த குழந்தையின் பொருட்டு அவர் செய்த காரியம் எவ்வாறு பிறந்தது, எதன் பலத்தால் நிலைத்தது, எங்கே முற்றுப்பெறாமல் நிற்கிறது என்பதை மட்டும் நாம் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

விருதுபட்டி என்று அந்நாளில் வழங்கிய விருதுநகரில் 1903-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி, குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் அவர் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள். அதுவே பின்னர் காமராஜ் என்று மாறியது. ஆறு வயதளவில் தகப்பனார் காலமாகிவிட்டார். தாயும் மகனும் தங்கை நாகம்மாளும் உறவினரின் ஆதரவில் வாழும் நிலை ஏற்பட்டது. அவர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வூர் ஜனங்களே தங்கள் பணத்தால் நடத்திய பள்ளிக்கூடம். வியாபாரிகள் மகமை செலுத்தினார்கள். வீட்டுப் பெண்கள் அன்றாடம் உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். அவ்வாறு சேர்ந்த பிடியரிசியை விற்ற பணமும் பள்ளியின் செலவுக்குப் போயிற்று. சர்க்கார் எட்டிப் பார்க்காத இடத்தில் ஓர் ஊரின் அடுப்பங்கரைகள் ஒன்றுகூடிப் பள்ளிக்கூடத்தைத் தாங்கின என்பதை அந்தச் சிறுவன் கண்ணாரக் கண்டு வளர்ந்தான்.

ஆயினும் அந்தப் பள்ளியிலும் அவரால் நெடுங்காலம் படிக்க முடியவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பப்பட்டார். இலவசமாகக் கற்பித்த பள்ளியிலிருந்தே வறுமை அவரை வெளியே இழுத்துவிட்டது. சம்பளம் வாங்காமல் கற்பித்தால் மட்டும் ஏழைப் பிள்ளை படித்துவிடும் என்பது வெறும் எண்ணமே என்பதற்கு அவரது வாழ்க்கையே சாட்சியாயிற்று.

1919-ம் வருஷத்து ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி அவரைத் தேசியத்தின்பால் திருப்பியது. கடையில் இருந்த உடல், காங்கிரஸ் கூட்டங்களில் இருந்த உள்ளம் என்ற நிலை சில காலம் நீடித்தது; பின்னர் உடலும் அங்கேயே சென்றுவிட்டது. 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை புகுந்தார். காந்தி–இர்வின் ஒப்பந்தத்தின்பேரில் 1931-ல் விடுதலையானார். 1937-ல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைமையை ஏற்றார். தனிநபர் சத்தியாக்கிரக காலத்தில் வேலூர்ச் சிறையில் இருக்கையிலேயே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் ஊருக்குச் சென்று, முழு நேரமும் கவனிக்க முடியாத பதவியை வகிப்பது முறையன்று என்று கருதி அதை ராஜினாமாச் செய்தார். 1942-ல் மறுபடியும் சிறை, 1945-ல் வெளிவந்தார். ஆகச் சுமார் ஒன்பது வருஷங்கள் சிறைவாசத்தில் கழிந்தன. விவாகம் செய்துகொள்ளவில்லை. சொத்துச் சேர்க்கவில்லை. கிராமம் கிராமமாகச் சுற்றிய அனுபவமே அவருக்குக் கலாசாலைப் படிப்பாக அமைந்தது.

1954-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி அவர் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். எட்டுப் பேர் கொண்ட சிறிய மந்திரிசபை. முந்தைய மந்திரிசபை 1953-ல் கொண்டுவந்திருந்த அரைநேரப் பள்ளித் திட்டம் பலத்த எதிர்ப்புக்கு உள்ளாகியிருந்தது. புதிய மந்திரிசபை அதைக் கைவிட்டது. நிதியும் கல்வியும் ஸ்ரீ சி. சுப்பிரமணியத்தின் பொறுப்பில் இருந்தன. கல்வி இலாகாவின் டைரக்டராக ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு அமர்ந்தார். பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகளைத் திறக்கும் வேலை மும்முரமாக நடந்தது. ஆனால் பள்ளி திறந்தாலும் பிள்ளை வரவேண்டுமே! மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனைச் சுற்றுப்பயணத்தில் கண்ட காமராஜர், பள்ளிக்குப் போகாததேன் என்று விசாரித்ததாகவும், போனால் சோறு யார் போடுவார் என்ற பொருளில் அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு வரலாறு வழங்குகிறது. நிகழ்ந்த இடத்தைக் குறித்துச் சொல்வோர் வேறுபடுவர். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேடும் அவசியம் முதல் மந்திரிக்குப் புதிதாக ஏற்பட்டதன்று. விருதுபட்டியில் படிப்பை விட்ட நாள்முதல் அது அவரோடு கூடவே வந்திருக்க வேண்டும்.

பள்ளியில் உணவளிப்பது அதற்கு முன் எவரும் கனவு காணாத விஷயமென்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்தில், தென்னாப்பிரிக்க யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது தகுதியற்ற தேகத்தோடு வந்தவர்கள் அநேகரென்று கண்டு திடுக்கிட்டார்கள். அதன் பயனாக 1906-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் செய்யப்பட்டது. சென்னை நகரசபை, ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் தலைமையில், 1920-ல் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தனது பள்ளியில் நடுப்பகல் உணவு கொடுக்கத் தொடங்கியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்ற தடை எழுந்தது. சில வருஷங்களில் அந்த முயற்சி தளர்ந்தது. அதே 1920-ல்தான் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தேகப்பயிற்சி ஆசிரியர்களைத் தயாரிக்கும் ஒய்.எம்.சி.ஏ. கலாசாலையை ஆரம்பித்தார். சோறும் விளையாட்டும் ஒரே வருஷத்தில் சென்னைப் பட்டணத்தின் கவனத்துக்கு வந்தன. இரண்டும் ஏழைக் குழந்தையின் வாசலை எட்டவில்லை. நல்ல காரியத்துக்குச் சட்டம் துணை நிற்காவிட்டால் அதுவே தடையாகவும் நிற்கக்கூடும் என்ற பாடத்தை 1920-ம் வருஷத்து அனுபவம் நமக்குப் போதிக்கிறது.

காமராஜர் வேறு வழியில் சென்றார். சட்டம் செய்து, விதிகள் வகுத்து, நிதி ஒதுக்கி, அதன் பின்னர் அடுப்பு மூட்டலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. முதலில் அடுப்பை மூட்டச் செய்தார். 1956-ல், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர்ப் பெரியவர்களும் வியாபாரிகளும் விவசாயிகளும் தானியமும் காய்கறியும் விறகும் கொடுத்தார்கள். உபாத்தியாயர்கள் முன்னின்று நடத்தினார்கள். ஓர் ஊரைப் பார்த்து மற்றோர் ஊர் செய்தது. விருதுபட்டியின் பிடியரிசி ராஜ்யம் முழுவதும் பரவியது என்று சொன்னால் மிகையாகாது. ஜனங்களின் ஊக்கம் உறுதிப்பட்ட பின், 1957-ல் சர்க்கார் பண உதவி செய்ய முன்வந்தது. ஒரு குழந்தையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசு சர்க்காரும் நான்கு காசு ஊராரும் ஏற்பதென்று ஏற்பாடாயிற்று. 1961 முதல் அமெரிக்க நிவாரண ஸ்தாபனமாகிய கேர் அளித்த பால் பவுடர் முதலிய பொருள்கள் இதற்குத் துணையாயின. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மூலம் கட்டடமும் பலகையும் பெஞ்சும் ஜனங்களிடமிருந்து திரட்டப்பட்டன. பிள்ளைகளுக்குள் ஏற்றத்தாழ்வு தோன்றாதிருக்கச் சீருடையும் கொடுக்கப்பட்டது.

இத்திட்டத்தில் குறைகள் இல்லாமலில்லை. வசதியுள்ள ஊர் நன்றாகச் செய்தது. வசதியற்ற ஊரில் நான்கு காசுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. எந்த ஊரில் பசி அதிகமோ அந்த ஊரில்தான் நன்கொடை குறைவு. தர்மத்தை நம்பி நடக்கும் எந்தத் திட்டத்துக்கும் உள்ள குறை இது. எனினும் ஒரு விஷயம் ஸ்திரப்பட்டுவிட்டது. பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது வீண் என்பதையும், அந்தப் பசியைத் தீர்ப்பது பள்ளிக்கூடத்தின் வேலையே என்பதையும், அதன்பின் எந்த சர்க்காராலும் மறுக்க முடியவில்லை.

1956-ம் வருஷத்துக்குப் போடி வட்டாரத்தில் மற்றோர் அர்த்தமும் உண்டு. அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி பாஷைவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது, தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு போயின. காமராஜர் அந்த முடிவை ஏற்றுக்கொண்டதை இவ்வட்டாரத்தில் பலர் மன்னிக்கவில்லை. அந்த மனக்குறை இன்றும் அடியோடு நீங்கிவிட்டதென்று சொல்ல முடியாது. எல்லையைக் குறித்துச் சச்சரவிடுவதைவிட அணையும் பள்ளியும் கட்டுவது மேலென்று அவர் நினைத்தார் என்பது அவரை ஆதரிப்போர் வாதம். அவர் ஆட்சியில் 1959-ல் பூர்த்தியான வைகை அணையை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்த வழக்கை நாம் இங்கே மறுபடியும் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் அதன் ஒரு விளைவை மறைக்கவும் கூடாது. தாய் வேலை செய்யும் மலை ஒரு ராஜ்யம். குழந்தை படிக்கும் பள்ளி மற்றொரு ராஜ்யம். குழந்தைக்குச் சோறு கொடுத்த அதே வருஷம், தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு கோட்டையும் கிழித்துவிட்டது.

தோட்டத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக முன்பே ஒரு சட்டம் இருந்தது. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் பெண் தொழிலாளர் உள்ள தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டுமென்றும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேற்பட்டால் கல்வி வசதி செய்வது பற்றியும், தொழிலாளரும் குழந்தைகளும் பொழுதுபோக்க வசதி செய்வது பற்றியும் கூறியது. ஆனால் அச்சட்டம் முதலில் பெயர் சொல்லிக் குறித்தவை தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனாத் தோட்டங்களே. ஏலக்காயின் பெயர் 1981-ம் வருஷத்துத் திருத்தத்தால்தான் அதில் ஏறியது. அப்போதும் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்கே அது பொருந்தியது. ஏலமலையிலோ சிறு தோட்டங்கள் மிகுதி. காலையில் வந்து மாலையில் திரும்பும் கூலியாளின் குழந்தை, தோட்டத்தின் கணக்கிலும் வராமல் நழுவிவிடுவது சுலபம். பின்னர் இச்சட்டம் 2020-ம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. பெயர் எதுவாயினும், எல்லைக்கு இப்பால் தனியே இருக்கும் குழந்தையை எந்தத் தோட்டச் சட்டமும் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. அதற்குக் கதி பள்ளிக்கூடமே.

காமராஜர் 1963-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, பதவியிலிருந்த மூத்த தலைவர்கள் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டுமென்ற தமது யோசனைக்கு இணங்கத் தாமே முதல் மந்திரி பதவியைத் துறந்தார். 1964-ல் அகில இந்திய காங்கிரஸின் தலைவரானார். நேருவுக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரியையும், அவருக்குப் பின் இந்திரா காந்தியையும் பிரதம மந்திரியாக்குவதில் முக்கிய பங்கு வகித்தார். பிரதமர்களை உண்டாக்கியவர் 1967-ம் வருஷத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே மாணவர் தலைவர் ஒருவரிடம் தோற்றார். அந்தத் தலைமுறை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த தலைமுறை என்பதை நினைத்தால், அத்தோல்வியில் அவர் செய்த காரியத்தின் வெற்றியும் ஓரளவு அடங்கியிருக்கிறது. 1969-ல் நாகர்கோவில் தொகுதி அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. 1975-ம் வருஷம், காந்தியடிகள் பிறந்த தினமாகிய அக்டோபர் 2-ந் தேதி, அவர் காலமானார். அடுத்த வருஷம் பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது. சொத்தென்று சொல்லத்தக்கது எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை.

அவர் விட்டுச் சென்ற அடுப்பு அணையவில்லை. 1982-ம் வருஷம் ஜூலை மாதத்தில் எம்.ஜி. ராமச்சந்திரனின் ஆட்சி அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கி, பள்ளிக்கு வராத சிறு குழந்தைகளையும் பந்தியில் உட்கார வைத்தது. ஊராரின் நான்கு காசை எதிர்பார்த்திருந்த நிலை போய், சமையற்கூடமும் சமைப்போரும் சர்க்காரின் பொறுப்பாயினர். 1989-ல் மு. கருணாநிதியின் ஆட்சி முட்டையைச் சேர்த்தது; முதலில் அபூர்வமாயிருந்த முட்டை பின்னர்ப் பள்ளி நாட்களில் வழக்கமான உணவாயிற்று. கட்சிகள் மாறின, ஒரு கட்சி போட்ட சோற்றை மற்றொரு கட்சி நிறுத்தவில்லை, மேலும் ஒரு கரண்டி சேர்த்தது. தமிழ்நாட்டின் ராஜீய வாழ்க்கையில் நாம் பெருமைப்படத்தக்க சம்பிரதாயங்களில் இது ஒன்று.

2001-ம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, இந்தியா முழுவதிலும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. 2013-ம் வருஷத்துத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது. ஆரம்ப வகுப்புக் குழந்தைக்கு 450 கலோரி சக்தியும் 12 கிராம் புரதமும், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் அவ்வுணவில் இருக்க வேண்டுமென்று அளவும் குறித்தது. ஊராரின் தயவில் தொடங்கிய சோறு, ஐம்பத்தேழு வருஷங்களில், கேட்டுப் பெறும் பாத்தியதையாக மாறியது. தயவில் வருவதைத் தயவு தீர்ந்தால் நிறுத்தலாம். பாத்தியதையை நிறுத்துவோர் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

இனிப் போடிக்குத் திரும்புவோம். மேலே சொன்ன சட்டம் நண்பகல் உணவை மட்டுமே பேசுகிறது. மலைக்குப் போகும் தாயின் குழந்தைக்கு முதற்பசி நண்பகலில் எடுப்பதன்று. அது விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. இதை உணர்ந்தே தமிழ்நாடு சர்க்கார் 2022-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரித்தது. 2024-ல், காமராஜர் பிறந்த ஜூலை 15-ந் தேதியன்று, கிராமப்புறத்து உதவி பெறும் பள்ளிகளும் அதில் சேர்க்கப்பட்டன. இது நாம் மனமார வரவேற்ற காரியம். ஆனால் 1956-ம் வருஷத்து மதிய உணவு எந்த ஆதாரத்தின்மேல் நின்றதோ, அதே ஆதாரத்தின்மேல்தான் இந்தக் காலை உணவும் எழும்பியது. உத்தரவினால் பிறந்தது உத்தரவினால் மறையவும் கூடும். நண்பகல் சோற்றுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு காலை உணவுக்கும் வேண்டும். அதற்கு மறுபடியும் ஐம்பத்தேழு வருஷம் காத்திருப்பது அவசியமில்லை.

போஷணைக் கல்வியும் தேகப்பயிற்சியும் இதைவிடப் பின்தங்கியிருக்கின்றன. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுச் சாமான்களும் வேண்டுமென்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், ஆரோக்கியத்துக்கும் தேகப்பயிற்சிக்கும் பகுதிநேர ஆசிரியர் வேண்டுமென்கிறது. இதனால் நேரும் அநீதியைக் கவனியுங்கள். மலையடிவாரத்துச் சிறு பள்ளிகளில் நூறு பிள்ளைகள் சேருவது எப்போது? எண்ணிக்கை குறைந்த இடத்தில் தேகம் வளர வேண்டாமா? உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து முதல் பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கு நாள்தோறும் சராசரி அறுபது நிமிஷ தேக உழைப்பு வேண்டுமென்று கூறுகிறது. நமது பள்ளிகளிலோ, பரீட்சை நெருங்கியதும் முதலில் பலியாவது விளையாட்டு வகுப்பு. கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் அந்த நேரத்தைக் கடன் கொடுக்கிறார்கள். கடன் திரும்பி வருவதில்லை.

உணவைப் பற்றிய கல்வியும் அவ்வாறே. 2020-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாதென்று தடுக்கின்றன. ஐம்பது மீட்டரைத் தாண்டினால் பொட்டலம் தொங்கும் கடை இருக்கிறது. காலையில் தாய் சமைக்க முடியாமல் கையில் வைத்துப் போகும் காசு அங்கேதான் போகிறது. அந்தக் காசை எப்படிச் செலவிடுவதென்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தாலன்றி, விதியால் மட்டும் பயன் விளையாது. அதற்குப் பெரிய புஸ்தகம் வேண்டியதில்லை. தட்டில் விழும் சோறும் பருப்பும் முட்டையுமே பாடமாகலாம்; எது எலும்புக்கு, எது இரத்தத்துக்கு என்று பரிமாறும்போதே சொல்லலாம். குரங்கணி மலைப்பக்கத்து முதுவர்கள் வழிவழியாக உண்டு வந்த கேழ்வரகும், வீட்டுக் கொல்லையில் வளரும் முருங்கைக் கீரையும், எந்தப் பொட்டலத்துக்கும் தாழ்ந்தவையல்ல என்று அவ்விடத்துக் குழந்தைக்கே தெரியாமற்போவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று விஷயங்கள். முதலாவது, காலை உணவைச் சட்டத்தால் உறுதி செய்ய வேண்டும். இரண்டாவது, போஷணைக் கல்விக்கும் தேகப்பயிற்சிக்கும் வாரத்தில் இத்தனை நேரம் என்று வரையறுத்து, அந்த நேரத்தை வேறு பாடத்துக்கு மாற்றுவதைச் சட்டமே தடுக்க வேண்டும். பிள்ளைகளின் தொகை குறைந்த பள்ளிகளுக்கு, சில பள்ளிகளைச் சேர்த்து ஒரு தேகப்பயிற்சி ஆசிரியரை நியமிக்கலாம். மூன்றாவது, மலையில் வேலை செய்து அடிவாரத்தில் வாழும் குடும்பங்களின் குழந்தைகள் விஷயத்தில் தமிழ்நாடும் கேரளமும் கலந்து ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும். அணை நீரைப் பற்றி அடிக்கடி கூடிப் பேசும் இரண்டு சர்க்கார்கள், எல்லையைக் கடந்துபோகும் தாய்மாரின் குழந்தைகளைப் பற்றி ஒருமுறையேனும் கூடிப் பேசுவது கௌரவக் குறைவாகாது.

சட்டம் செய்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. கலோரிக் கணக்கு காகிதத்தில் சரியாக இருந்து, சட்டியில் பருப்பு நீர்த்துப்போனால் பயனென்ன? மைதானம் பதிவேட்டில் இருந்து, முள்வேலிக்குள் புதர் மண்டிக் கிடந்தால் பயனென்ன? ஊரார் கண் விழித்திருந்தால்தான் சட்டத்துக்கு உயிர் உண்டு. காமராஜர் காலத்தில் ஊரார் தானியம் கொடுத்தார்கள். இன்று தானியம் கொடுக்க வேண்டிய அவசியமில்லை, கவனம் கொடுத்தால் போதும். பள்ளியின் சமையற்கூடத்தை வாரமொருமுறை எட்டிப் பார்ப்பதும், விளையாட்டு மணி அடிக்கிறதா என்று கேட்பதும் ஒவ்வோர் ஊர்க் குடிமகனாலும் செய்யக்கூடியவை.

ஜூலை 15-ந் தேதியைக் கல்வி வளர்ச்சி நாளென்று நமது பள்ளிகள் கொண்டாடுகின்றன. மாலையும் பேச்சும் அன்று குறைவில்லாமல் இருக்கின்றன. அவற்றோடு, அந்த வருஷத்தில் அப்பள்ளியில் எத்தனை நாள் உணவு அளவோடு கொடுக்கப்பட்டது, எத்தனை நாள் பிள்ளைகள் விளையாடினார்கள் என்ற கணக்கை ஊரார் முன்னிலையில் படிக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தினால், அவர் பெயரால் செய்யும் காரியங்களில் அதுவே அவருக்கு மிகவும் உவப்பானதாயிருக்கும் என்பது நமது துணிபு.